துக்க வீட்டுப் பேயைத் திரையில் ஓட்டுவது

பேய்ப்படங்களைத் தியேட்டர்காரர்கள் இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: கத்துகிற பேய், அழுகிற பேய். கத்துகிற பேய்க்கு ஆபரேட்டர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. கதவு படாரென்று சாத்தும், கூட்டம் தானே அலறும், அலறிய கையோடு சிரிக்கும். அழுகிற பேய் வேறு மாதிரி. ஒரு வீட்டில் சாவு விழுகிறது. மிச்சம் இருப்பவர்களால் போனவரை விட முடியவில்லை. அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒன்று வீட்டுக்குள் வருகிறது. தமிழில் ‘பிசாசு’ (2014), ‘மாயா’ (2015), ‘கனெக்ட்’ (2022) ஆகியவை இந்த வகை. வெளிநாட்டில் 1973-இல் வந்த ‘டோன்ட் லுக் நவ்’ முதல் 2018-இன் ‘ஹெரெடிட்டரி’ வரை ஒரு பெரிய வரிசையே உண்டு. இவற்றில் பயம் பாதி, துக்கம் பாதி. பயம் எப்படியாவது கூட்டத்திடம் போய்ச் சேர்ந்துவிடும். துக்கம் போய்ச் சேர இருட்டும் அமைதியும் வேண்டும். சிறு ஊர்த் தியேட்டரில் இந்த இரண்டும் சும்மா கிடைப்பதில்லை.

அரக்கோணத்தில் இன்னும் சிரமம். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு இது. ராத்திரி பகல் என்றில்லாமல் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்கு 1992-இல் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம் வந்தது. நாலு இன்ஜின் வைத்த டி.யு.142 விமானங்கள் 2017 வரை அங்கிருந்துதான் பறந்தன. அவை தாழ வந்தால் கூரைத் தகடு அதிரும். அடிதடிப் படமானால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இறந்த பிள்ளையின் சட்டையைத் தாய் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கும் காட்சியில் தலைக்கு மேல் விமானம் போனால், பின்வரிசையிலிருந்து ஒருவர் ஏதாவது சொல்வார், முன்வரிசை சிரிக்கும். அதோடு அந்தக் காட்சி முடிந்தது.

வியாபாரக் கணக்கில் இந்த ஊர் என்.எஸ்.சி. ஏரியாவில் சேரும், வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்த விநியோகப் பகுதி அது. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்குப் படத்துக்கும் கூட்டம் உண்டு. 1978-இல் விட்டலாச்சார்யா எடுத்த ‘ஜகன்மோகினி’ தெலுங்கிலும் தமிழிலும் இந்தப் பக்கத்துச் சனங்களைக் கட்டிப்போட்டது. காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் மருமகள் பேயைப் பார்த்துப் பயந்தவர்களைவிடச் சிரித்தவர்களே அதிகம். அதே ஆண்டு துரை இயக்கத்தில் ரஜினிகாந்த், லதா நடித்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’ வந்தது. இறந்துபோன காதலி இன்னொருத்தியின் உடம்பில் புகுந்து குடும்பம் நடத்த வருகிற கதை. அழுகிற பேயின் தொடக்கத்தை இங்கே பார்க்கலாம். ஆனால் அன்றைய அரங்குகள் அதற்குத் தயாராக இல்லை. காரணம் ரசனை அல்ல, வெளிச்சம்.

அப்போது புரொஜெக்டருக்குக் கார்பன் விளக்கு. செம்பு பூசிய இரண்டு குச்சிகளை எதிரெதிராக நெருக்கி, நடுவே எழும் பொறியைத்தான் கண்ணாடி வைத்துத் திரைக்கு அனுப்புவார்கள். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். கைப்பிடியைத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ள வேண்டும். ஆபரேட்டர் கவனம் பிசகினால் திரை மஞ்சளாகும், பிறகு மங்கும். பட்டப்பகலில் எடுத்த பாட்டுக்கு இந்த மங்கல் ஒரு பொருட்டில்லை. ஒற்றை விளக்கில் எடுத்த சாவு வீட்டுக் காட்சிக்கு அதுவே எமன். ஒளிப்பதிவாளர் இருட்டின் மூலையில் ஒளித்துவைத்த முகம் திரையில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். “படம் தெரியல” என்று பெஞ்சிலிருந்து விசில் வரும். பேய்ப்படம் ஓடும் வாரத்தில் குச்சிகளை இன்னும் நெருக்கி, கரண்டைக் கூட்டி வைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டால், குச்சிச் செலவு யார் தருவது என்ற பதில் வரும். பின்னாளில் கார்பன் போய் செனான் பல்பு வந்தபோதும் கணக்கு மாறவில்லை. பல்பின் ஆயுள் முடிந்த பிறகும் அதையே ஓட்டுவது பரவலான சிக்கனம். பேய்ப்படங்கள் புரியவில்லை என்று சிற்றூர்களில் எழுந்த புகார்களில் கணிசமானவை கதையைப் பற்றியவை அல்ல, பழைய பல்பைப் பற்றியவை.

பிரிண்டின் நிலைமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் ஓடித் தேய்ந்த பிறகே பெட்டி ரயிலேறி வரும். மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்த பிரிண்டைப் பார்த்து, படத்தில் மழை பெய்கிறது என்பார்கள். அழுகிற பேய்ப்படங்களில் மழை ஏற்கெனவே நிறைய. கீறல் மழை எது, நிஜ மழை எது என்று தெரியாத அளவுக்குப் போய்விடும்.

இதைவிடப் பெரிய சேதம் கத்திரியால் நடந்தது. வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் எந்த இடத்தில் ஆட்கள் எழுந்து வெளியே போகிறார்கள் என்று மேனேஜர் பார்ப்பார். சனிக்கிழமைக்குள் அந்த இடம் குறைக்கப்படும். பல நேரம் விநியோகஸ்தரே எந்த ரீலில் எத்தனை அடி எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். பேய்ப்படத்தில் முதலில் போவது எப்போதும் துக்கக் காட்சிதான்: மாலை போட்ட போட்டோ, கருமாதி, யாரும் பேசாமல் சாப்பிடும் குடும்பம். அவை போனால் பேய் ஏன் வருகிறது என்பதே போய்விடும். வெறும் அலறல் மிஞ்சும். வெட்டி ஒட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 35 எம்.எம். பிலிமில் ஒரு பிரேமுக்கான சத்தம் அதே பிரேமின் ஓரத்தில் இருக்காது, ஏறத்தாழ 20 பிரேம் தள்ளி இருக்கும். நொடிக்கு 24 பிரேம் ஓடுவதால், ஒட்டிய இடத்தில் படம் ஒரு கணமும் சத்தம் இன்னொரு கணமும் தாவும். கூடவே ‘டப்’ என்று ஒரு ஓசை. அமைதியான காட்சியில் அந்த ‘டப்’ கேட்டு ஆட்கள் துள்ளி விழுந்ததும் உண்டு. இயக்குநர் கேட்காமலேயே கிடைத்த பயம் அது.

1991-இல் ஜி.எம். குமார் இயக்கத்தில் மோகன் நடித்த ‘உருவம்’, ஏவலில் ஒரு குடும்பமே சீரழிவதைச் சிரிப்புக்கு இடம் விடாமல் சொன்ன படம். காதல் நாயகன் மோகனைப் பார்க்க வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. மேட்னிக்கு வந்த பெண்கள் பாதியில் எழுந்து போனார்கள் என்றால் அதற்கும் காரணம் உண்டு. பில்லி சூனியம் இந்தப் பக்கத்தில் திரையில் மட்டும் இருக்கிற சங்கதி அல்ல. அரக்கோணத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சோளிங்கர். பெரிய மலையில் யோக நரசிம்மர், 1305 படி. சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், 406 படி. பேய் பிடித்ததாக நம்பப்படுகிறவர்களையும் மனம் கலங்கியவர்களையும் குடும்பத்தோடு அழைத்துவந்து, தக்கான் குளத்தில் குளிக்கவைத்து, மலையேற்றி நாள்கணக்கில் தங்குவது தலைமுறைகளாக நடக்கிறது. ஈரத் துணியோடு தலையை விரித்துச் சுழற்றும் பெண்ணைச் சிறு வயதிலேயே பார்த்து வளர்ந்த ஊர்களில், திரையில் ஒரு நடிகை அதையே செய்யும்போது எங்கே நடிப்பு தப்புகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மலையில் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தப் பெண்ணின் பக்கத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவும் அண்ணனும்தான் பார்க்கச் சகிக்காத காட்சி. தமிழ்ப் பேய்ப்படங்கள் அந்த அம்மாவைக் கவனிக்க வெகுகாலம் ஆனது.

ஒலிதான் முதலில் மாறியது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘கருப்பு ரோஜா’ இந்தியாவின் முதல் டி.டி.எஸ். படமாகச் சொல்லப்படுகிறது. அது ஒரு பேய்ப்படம் என்பது தற்செயல் இல்லை. பின்பக்கத்து ஸ்பீக்கரை விற்க அழுகையும் முனகலும்போல வேறு சரக்கு ஏது? டி.டி.எஸ்.ஸில் சத்தம் பிலிமில் இருக்காது, தனி வட்டில் இருக்கும். பிலிம் ஓரத்துக் குறியீடு வட்டை ஓட்டும். வட்டு சிக்கினால் பழைய ஒலிக்குத் தானாக இறங்கிவிடும். டி.டி.எஸ். என்று போஸ்டரில் போட்டு, உள்ளே பாதி நேரம் பழைய ஒலியில் ஓட்டிய கொட்டகைகள் தமிழ்நாடு முழுக்க இருந்தன.

ஒலிப் பெட்டியில் ஒரு திருகு இருக்கும், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. ஏழு என்பது அளவு. ஸ்டூடியோவில் ஏழில் வைத்துத்தான் படத்தைக் கலந்திருப்பார்கள். தியேட்டரிலும் ஏழில் வைத்தால் அதே சத்தம் கேட்கும். நடைமுறையில் ஏழில் ஓடும் தியேட்டரைக் காண்பது அபூர்வம். ஒருமுறை பேய் கத்தியதும் பால்கனியிலிருந்து ஒரு பெரியவர் வந்து, “ஏன் தம்பி, காது கிழியுதுப்பா” என்பார். திருகு ஐந்துக்கு இறங்கும். கத்தல் இப்போது அளவாக இருக்கும். ஆனால் அடுத்து வரும் கிசுகிசுப்பு, பக்கத்து அறையிலிருந்து வரும் விம்மல், கடிகாரம், மூச்சு எல்லாம் மின்விசிறிச் சத்தத்துக்குள் முங்கிப் போகும். கத்தலுக்குப் பயந்து குறைத்தால் அழுகை போய்விடுகிறது. அழுகைக்காகக் கூட்டினால் கத்தல் அடிக்கிறது. நல்ல ஆபரேட்டர் காட்சிக்குக் காட்சி கை வைத்துக்கொண்டே இருப்பார். ஒலிப்பதிவாளர் பார்த்தால் திட்டுவார். என்றாலும் மின்விசிறி ஓடும் அரங்கில் அதுதான் சரி. விசிறியை நிறுத்தலாமே என்றால், சித்திரையில் அரக்கோணத்துக் கொட்டகைக்குள் ஐந்து நிமிடம் விசிறி இல்லாமல் உட்கார்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

2009 ஒரு திருப்பம். மார்ச்சில் விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’, செப்டம்பரில் அறிவழகனின் ‘ஈரம்’. முதல் படத்தில் ஒரு கூட்டுக் குடும்பம் புது பிளாட்டுக்குக் குடிவருகிறது. அந்த வீட்டுப் பெண்கள் பார்க்கும் டி.வி. சீரியலில் அவர்கள் வீட்டு நடப்பே ஓடுகிறது. மதியச் சீரியலை விட்டுவிட்டு மேட்னிக்கு வந்திருந்த பெண்களுக்கு அதைவிட நெருக்கமான பயம் வேறில்லை. ‘ஈரத்’தில் இறந்த பெண் தண்ணீராக வருகிறாள். சொட்டுச் சத்தமே அந்தப் படத்தின் பேய். மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் கீழ் அதை ஓட்டிய இடங்களில், எந்தச் சொட்டு படத்தில், எந்தச் சொட்டு தலையில் என்று சண்டையே வந்திருக்கும். ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் கியூப் போன்ற டிஜிட்டல் முறை சிறு ஊர்களுக்கும் வந்தது. பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் வந்தது. கீறல் மழை நின்றது. கத்திரியும் நின்றது, பூட்டிய கோப்பை ஆபரேட்டர் வெட்ட முடியாது. சென்னையில் ஓடும் அதே துக்கக் காட்சி, முழு நீளத்தோடு, அதே வெள்ளிக்கிழமை அரக்கோணத்திலும் ஓடத் தொடங்கியது. இந்த வகைப் படங்கள் பிழைத்ததற்கு இயக்குநர்களுக்கு இணையாக இந்தப் பூட்டும் காரணம்.

நடுவில் ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) என்று சிரிப்புப் பேய்களின் காலம். வசூல் நன்றாக இருந்தது, பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். தொழில்நுட்பமாகச் சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

‘பிசாசு’ 2014 டிசம்பர் 19 அன்று வந்தது. பாலா தயாரிப்பு, மிஷ்கின் இயக்கம், அரோல் கொரேலி இசை. விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் பெண்ணை வயலின் கலைஞன் ஒருவன் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறான். அவன் கையைப் பிடித்தபடியே அவள் சாகிறாள், பிறகு அவன் வீட்டுக்கு வந்து தங்குகிறாள். கெடுதல் எதுவும் செய்வதில்லை. முதல் பாதியில் கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது, அலறியது. ராதாரவி நடித்த அப்பா வந்த பிறகு நிலைமை மாறியது. பேயாக நிற்கும் மகளைப் பார்த்து அந்த மனிதர் ஓடவில்லை, மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். மகளின் உடலை எரிக்க மனமில்லாமல் தன் ஐஸ் தொழிற்சாலையில் பனிக்கட்டிக்குள் வைத்திருக்கிறார் என்பது பின்னால் தெரிகிறது. சாவு வீட்டு வாசலில் வாடகை ஐஸ் பெட்டியைப் பார்க்காதவர்கள் இந்த ஊர்ப் பக்கம் கிடையாது. வெளியூர் மகன் வரும்வரை, வெளிநாட்டு மருமகன் வரும்வரை என்று ஒரு ராத்திரி அதிகம் வைத்துக்கொள்ளும் ஆசையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஆசையை ஒருவர் முடிவே இல்லாமல் நீட்டிவிட்டார் என்று திரையில் பார்த்தபோது எவரும் விசிலடிக்கவில்லை.

கேபினில் இருப்பவருக்குக் கூட்டத்தின் முகம் தெரியாது. சின்னச் சன்னல் வழியாகத் தலைகள்தான் தெரியும். அதனால் தலையைப் படிக்கப் பழக வேண்டும். பயப்படும் கூட்டத்தில் தலைகள் பக்கத்தில் சாயும், ஒன்றை ஒன்று தேடும். துக்கப்படும் கூட்டத்தில் தலைகள் அசையாது, இடைவெளியோடு நிற்கும், இருமல் கூடும். செல்போன் வெளிச்சம் எத்தனை தெரிகிறது என்பது இன்றைய கூடுதல் அளவுகோல். ‘பிசாசு’ கடைசி ரீல்களில், ரீல் என்ற சொல் டிஜிட்டலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தலைகள் அசையாமல் நின்றன.

அடுத்த ஆண்டு அஸ்வின் சரவணனின் ‘மாயா’ வந்தது. நயன்தாரா கைக்குழந்தையோடு தனியாக வாழும் பெண்; பேய், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய். படத்துக்குள் படம் என்ற கட்டுமானம் இங்கே சிலருக்குக் குழப்பமாக இருந்தது. தாயின் பக்கம் குழப்பமே இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் தியேட்டர்கள் மூடின. நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திறந்தன. 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடி, ஆகஸ்டில்தான் திறந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் சாவு விழாத தெரு இல்லை. விழுந்த சாவுகளில் பலவற்றுக்கு உடல் வீட்டுக்கு வரவில்லை, கோடி போடவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. துக்கம் விழுந்த வீட்டார் சில மாதங்களாவது தியேட்டர் பக்கம் வரமாட்டார்கள் என்பது பழைய வழக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் திறந்த தியேட்டருக்கு வர ஊரில் பாதிப்பேர் இருந்திருக்க மாட்டார்கள். வந்தார்கள், ஆனால் மாறி வந்தார்கள்.

அப்படி மாறிய கூட்டத்துக்கு முன்னால் 2022 டிசம்பர் 22 அன்று ‘கனெக்ட்’ வந்தது. இயக்கம் மறுபடி அஸ்வின் சரவணன், தயாரிப்பு ரவுடி பிக்சர்ஸ். ஊரடங்கு நேரம், மருத்துவரான கணவர் கொரோனாவில் இறக்கிறார். மனைவி சூசனும் மகளும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் அடைபட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று மகள் ஆவியை அழைக்கிறாள். வருவது அப்பா இல்லை. தாத்தாவாக வரும் சத்யராஜும், பேயோட்டும் பாதிரியாராக வரும் அனுபம் கேரும் வீடியோ காலில்தான் வருகிறார்கள். கதையில் புதுமை குறைவு என்று எழுதியவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு, பேயோட்டும் பகுதி ‘எக்ஸார்சிஸ்ட்’ காலத்துச் சரக்குதான். ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் மகளை அம்மா தொட முடியாமல் கதவுக்கு வெளியே நிற்கும் இடம் எந்த வெளிநாட்டுப் படத்திலிருந்தும் வந்ததல்ல.

இந்தப் படம் தியேட்டர் தொழிலின் ஒரு நரம்பில் கை வைத்தது. நீளம் 99 நிமிடம். இடைவேளை இல்லாமல் ஓடும் என்று அறிவித்தார்கள். தியேட்டர்காரர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. இதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். கரண்ட் பில்லும் சம்பளமும் கேன்டீன் டீயிலும் பப்ஸிலும் நிற்கின்றன. எனினும் பேய்ப்படத்துக்கு இடைவேளை எவ்வளவு கெடுதல் என்று ஆபரேட்டரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. விளக்கு போட்டதும் கூட்டம் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரிக்கும். “என்னடா, பயந்துட்டியா?” என்று ஒருவன் கேட்பான். அரைமணி நேரம் இழுத்துக் கட்டிய இருட்டு ஒரு நொடியில் அவிழ்ந்துவிடும். திரும்ப வந்து உட்காரும்போது கையில் பாப்கார்ன் இருக்கும், அது தீரும்வரை படம் தோற்றுக்கொண்டே இருக்கும். இடைவேளை விட்டே தீர வேண்டும் என்றால், விளக்கை ஒரேயடியாகப் போடாமல் ஓரத்து விளக்கை மட்டும் போடலாம்; மணி அடித்த பிறகு ஒரு நிமிடம் வெறும் இருட்டு விட்டுப் பிறகு ஓட்டலாம். சில கொட்டகைகளில் விளம்பர ஸ்லைடைக் கூட அந்த நேரத்தில் தவிர்ப்பார்கள். இறந்த வீட்டுக் காட்சிக்கு முந்திய நொடியில் நகைக்கடை விளம்பரம் ஓடினால் அதற்கு மேல் இயக்குநர் என்ன செய்தும் பயனில்லை.

‘கனெக்ட்’ போன்ற படத்துக்கு ஆபரேட்டர் செய்ய வேண்டிய வேலை முதல் காட்சிக்கு முன்பே முடிய வேண்டும். பல்பு வெளிச்சத்தை அளக்கக் கருவி இல்லையென்றால், வெள்ளைத் திரையை ஓட்டி நடுவும் ஓரமும் ஒன்றுபோலத் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளியேறும் கதவு மேல் எரியும் விளக்குத் திரையில் படாதபடி மறைக்கலாம், அணைக்கக் கூடாது, அது சட்டம். நடுவரிசையில் உட்கார்ந்து, மிக மெல்லிய வசனம் ஒன்றைத் தேர்ந்து, அது காதில் விழும்வரை ஒலியைக் கூட்டி, அந்த எண்ணைக் கேபின் சுவரில் எழுதிவைக்க வேண்டும். டிக்கெட் கிழிப்பவரிடம், “அண்ணே, லேட்டா வர்றவங்கள கதவ முழுசா தொறந்து விடாதீங்க” என்று சொல்லிவைக்க வேண்டும். இன்றைக்கு ஒரே ஆள் இரண்டு மூன்று திரைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதால், சுவரில் எண் எழுதும் பழக்கமே அருகிவருகிறது.

எந்த வாரத்தில் போடுவது என்பதும் தொழிலில் சேர்த்தி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் முழுக்கத் திருத்தணியை நோக்கி நடக்கும். விரதத்தில் இருப்பவர்கள் பேய்ப்படத்துக்கு வரமாட்டார்கள், வீட்டுப் பெண்களையும் அனுப்ப மாட்டார்கள். கார்த்திகையில் சோளிங்கர் மலைக் கூட்டம், அதோடு ஐயப்ப மாலை. டிசம்பர் பிற்பாதியில் அரையாண்டு விடுமுறை தொடங்கியதும் பையன்கள் வருவார்கள். ‘பிசாசு’, ‘கனெக்ட்’ இரண்டும் அந்த வாரத்தில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 31-ஆம் தேதி ராத்திரி திருத்தணி மலையின் 365 படிக்கும் பூசை நடக்கும்போது அரக்கோணத்து இரவுக் காட்சி காலியாகத்தான் ஓடும். ஜனவரி முதல் வாரத்தில் கொஞ்சம் தேறும். பொங்கலுக்குப் பெரிய நடிகர் படம் வந்துவிட்டால் பேய்ப்படத்தை இறக்கிவிடுவார்கள்.